பொய் ஸ்கேலும் மெய் ஸ்கேலும்

சின்ன வயதில் அவளுக்கு ஓயாத மூக்கடைப்பு. தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது இவள் மட்டும் பாதி வழியில் நின்று, வாயைப் பிளந்து மூச்சு வாங்குவாள். காலில் வலு இருந்தது, ஓட ஆசையும் கொள்ளை கொள்ளையாக இருந்தது. காற்று போய் வர வழிதான் இல்லை. ஒரு டாக்டர் மூக்குக்குள் எதையோ சரிசெய்து அனுப்பினார். கட்டுப் பிரித்த அன்று வாசலிலிருந்து தெருக்கோடி வரை ஒரே ஓட்டமாக ஓடித் திரும்பி வந்து, "அக்கா, காத்து சும்மாவே உள்ள வருதுக்கா!" என்று கத்தினாள். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் சும்மாதான்டி வருது," என்றாள். தங்கைக்கு அது பெரிய செய்தியாக இருந்தது.

அந்தக் குஷி அவளை விட்டு இன்றுவரை இறங்கவில்லை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், துருப்பிடித்த லாரி எஞ்சின் ஒன்றைத் திறந்து பார்த்துக் கைதட்டிச் சிரிக்கிறவளை வேறு எப்படி விளங்கிக்கொள்வது? பழைய லாரி எஞ்சின்களுக்குப் புதிதாக ஹெட் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். எஞ்சினின் உடம்புக்கு மேல் உட்கார்ந்து, காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே தள்ளுகிற பகுதிக்குத்தான் ஹெட் என்று பெயர். அந்தக் காலத்து லாரிகளைக் கட்டியவர்கள் நல்ல மனிதர்கள், இரும்பில் கஞ்சத்தனமே காட்டவில்லை. காற்றில்தான் கை இறுக்கம். இரண்டு சிலிண்டருக்குச் சேர்த்து ஒரே துளை, அதுவும் கோணல்மாணலாக. "ரெண்டு பேருக்கு ஒரே மூக்கு! எப்படி ஏறும் மேடு?" என்று அவள் பொங்குவாள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி மூக்கு வைத்து, வழவழவென்று வழி வெட்டி, அலுமினியத்தில் புது ஹெட் வார்த்து மாட்டினால், நாற்பது வருஷமாக முக்கிக்கொண்டிருந்த வண்டி துள்ளிக் குதிக்கும். கூடவே அவளும் குதிப்பாள்.

ஹெட் செய்கிறவள் என்பதால் ஊரில் அவளுக்குத் தலைவி என்று பெயர் விழுந்தது. கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது. அவள் கணவர் தையல்காரர். யாராவது கேட்டால், "தலைக்கு அவ, உடம்புக்கு நான். முழு ஆளையும் எங்க வீட்டுலயே ரெடி பண்ணிடுவோம்," என்பார். இந்த நகைச்சுவையை அவர் வருகிறவர் எல்லோரிடமும் சொன்னார். தலைவி ஒவ்வொரு முறையும் சிரித்தாள். நல்ல கல்யாணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

வீட்டின் முன்னறை தையல் கடை, பின்னால் தகரக் கொட்டகை அவள் பட்டறை, நடுவில் சமையலறை. சமையலறை எந்தக் கட்சி என்று யாராலும் சொல்ல முடியாது. அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் சிவப்பு ரப்பர் உருவங்கள் வரிசையாக நிற்கும். ஹெட்டின் துளைக்குள் ரப்பர் பாலை ஊற்றி, இறுகியதும் உருவி எடுத்தால், காற்று போகிற வழியின் வடிவம் கையில் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்கிற ஒரே பெண்பிள்ளை தான்தான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. விருந்தாளிகள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நாய்க்குக் கடிக்கக் கொடுக்குறதா?" என்று கேட்பார்கள்.

பட்டறையில் பழைய வாக்குவம் கிளீனர்கள் நான்கைந்தை ஒன்றாகக் கோத்து ஒரு பெட்டி செய்து வைத்திருந்தாள். அதன்மேல் ஹெட்டை வைத்து ஸ்விட்சைத் தட்டினால், எந்த வழியில் எவ்வளவு காற்று போகிறது என்று ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறிக் காட்டும். பெட்டி ஊளையிடத் தொடங்கினால் முன்னறையில் தொங்கும் துணியெல்லாம் ஆடும். அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கியபடியே வெளியே எட்டிப் பார்த்து, "மழையா?" என்பார்கள். "இல்லைங்க, மூச்சுப் பரிசோதனை," என்பார் தையல்காரர், வாயில் குண்டூசியோடு.

இனி ஸ்கேல் விஷயம். இதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. உருகிய அலுமினியம் மணல் குழிக்குள் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் அந்தக் குழியைப் பதிக்கிற மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் தலை நரைத்துவிடும் என்று, அச்சு செய்கிறவர்களுக்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் மயிரிழை நீளமாக இருக்கும். பார்த்தால் தெரியாது. முழு நீளத்துக்கு வரும்போது ஒரு சுண்டு விரல் அகலம் கூடியிருக்கும். அவளிடம் இருந்த அந்த எஃகு ஸ்கேலுக்கு அவள் வைத்த பெயர் பொய் ஸ்கேல். கணவர் துணியில் கோடு போடுகிற எஃகு ஸ்கேலுக்கு அவர் வைத்த பெயர் மெய் ஸ்கேல். "மெய்யை அளக்குறது மெய் ஸ்கேல்தானே?" என்பார். உடம்பை டேப்பால் அளப்பார், அந்த அளவை ஸ்கேல் வைத்துத் துணியில் கோடு இழுப்பார். இரண்டு ஸ்கேலிலும் எழுத்து தேய்ந்துபோய்விட்டது. சமையலறைச் சுவரில் இடது ஆணி பொய், வலது ஆணி மெய். வருஷக்கணக்கில் ஒரு சண்டை வந்ததில்லை.

அக்காவிடம் வருவோம். தலைவியின் அக்கா லாரி ஓட்டுகிறவள். சொந்த லாரி, ஆறு சிலிண்டர், பெட்ரோல், அவளைவிட வயது கூடியது. அதனால் அதற்குப் பெரியவர் என்று பெயர். "பெரியவர் இன்னும் எழுந்திரிக்கலை," "பெரியவருக்குத் தண்ணி காட்டணும்," என்றுதான் பேசுவாள். மலையடிவாரச் சூளையிலிருந்து செங்கல் ஏற்றி மலைமேலே கொண்டுபோய் இறக்குவது அவள் வேலை. அடிவாரத்தில் இரண்டாவது கியரைப் போட்டால் உச்சியில்தான் எடுப்பாள். பஸ் முந்தும், பால்வண்டி முந்தும், ஒரு முறை சைக்கிளில் போன ஒருவர் முந்தும்போது தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பதிலுக்கு வணக்கம் சொன்னாள். அவளுக்கு அதெல்லாம் உறைக்காது.

உறைத்தது அவள் மகனுக்கு. அவன் பல் டாக்டர். ஒரு முறை வண்டி வளைவில் கொதித்து நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு காரில் ஓடினான். பின்னால் வரிசையாக வண்டிகள் நின்று ஹாரன் அடிக்க, ஒவ்வொருவனும் ஜன்னலை இறக்கி அவன் அம்மாவைத் திட்டிவிட்டுப் போனதைக் கேட்டான். அதற்குப் பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நாள் எல்லோரும் தலைவி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தான்.

"அம்மா, பெரியவரை ஒரு ஹோட்டல்காரர் கேக்குறார். நல்லா பெயின்ட் அடிச்சு வாசல்ல நிறுத்தி வெச்சுப்பாராம். பின்னாடி பூரா பூந்தொட்டி."

"பூந்தொட்டியா?" என்றாள் அக்கா. சாப்பாட்டுக் கை அப்படியே நின்றது.

"அழகா இருக்கும்மா."

"நாளைக்கு எனக்கு முட்டி வலிச்சா, என்னையும் வாசல்ல உக்கார வெச்சுத் தலையில தொட்டி வெப்பியா?"

"அம்மா, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் உங்களைத் திட்டுறான். என்னால கேக்க முடியலைம்மா." பிள்ளை பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "சரி. முழு செங்கல் லோடு. அடிவாரத்துலேர்ந்து உச்சி வரைக்கும் மூணாவது கியர்லயே ஏத்துறேன். நடுவுல ஒரே ஒரு தடவை ரெண்டாவது போட்டாலும் சாவி உங்கிட்ட. ஏறிட்டா பூந்தொட்டிங்கற வார்த்தையே இந்தக் குடும்பத்துல யாரும் பேசக் கூடாது."

மூன்றாவது கியரா! அந்த மலையிலா! எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். "உன்னால முடியுமாடி?" என்று அக்கா கேட்டாள்.

"முடியும்," என்றாள் தலைவி. யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. அக்காவின் வண்டிக்கு ஹெட் செய்ய வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஆசை. "நல்லா இருக்கிற தலையை ஏன்டி வெட்டுறே?" என்று அக்கா தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். இப்போது தானாக மடியில் வந்து விழுந்திருக்கிறது. ஹோட்டல்காரர் மழைக்கால முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்டிருந்தார். அன்றைக்கே மலையேற்றம் என்று முடிவாயிற்று.

அதன்பின் தலைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய ஹெட்டைக் கழற்றி அளந்தாள், ரப்பர் ஊற்றி உருவினாள், கம்ப்யூட்டரில் வரைந்தாள், அழித்தாள், குளிக்கும்போது புது யோசனை வந்து ஈரத்தலையோடு ஓடிவந்து மறுபடி வரைந்தாள். ஆறு சிலிண்டருக்கும் ஆறு தனி மூக்கு. வழியின் உள்முனையில் ஒரு சின்ன வளைவு கொடுத்தால் காற்று சுழன்று இறங்கும் என்று தோன்றியது. களிமண்ணில் செய்து பெட்டியில் வைத்து ஊதிப் பார்த்தாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அவள் இதுவரை பார்க்காத உயரத்துக்கு ஏறியது. கொட்டகையிலிருந்து கடைக்கு ஓடி, வாடிக்கையாளரின் இடுப்பை அளந்துகொண்டிருந்த கணவரைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, சுத்துதுங்க! காத்து சுத்துது!" டேப்புக்குள் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளரும் சேர்ந்து சந்தோஷப்பட்டார். வேறு வழியில்லை அவருக்கு.

மரத்தில் அச்சு செய்ய உட்கார்ந்த வாரம்தான் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். சுவரெல்லாம் பளிச்சென்று, ஆணியெல்லாம் பழைய இடத்தில், பொருளெல்லாம் ஆணியில். பெயின்டர் பொறுப்பான மனிதர், ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. தலைவி இடது ஆணியிலிருந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் மரத்தில் கோடு போட்டாள். அச்சு ஃபவுண்டரிக்குப் போனது. மணலில் பதித்து அலுமினியம் ஊற்றினார்கள்.

அந்த நாட்களில் தெருவில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் இளைத்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கடைக்காரம்மா புதுப் பேண்டைப் போட்டுக்கொண்டு வந்து, இடுப்பில் விரலை விட்டுக் காட்டினாள். "பாருங்க, அளவு கொடுத்தப்ப இருந்ததுக்கு இப்ப எவ்வளவு லூசு! மாவுப் பண்டம் தொட்டு ரெண்டு வாரமாச்சு. பலன் தெரியுது." ரொட்டிக் கடைக்காரர் எதையும் விடவில்லை, தன் கடை ரொட்டியைத் தானே தின்றுகொண்டிருந்தார். அவருக்கும் சட்டை தொளதொளத்தது. "எல்லாம் மனசு லேசா இருக்கிறதுதான்," என்று ஊருக்கு உபதேசம் செய்தார். ஒருத்தர் இளைத்தால் இன்னொருத்தருக்கு முகம் மலர்ந்தது, மாலையில் நடை போகிற கூட்டம் பெருகியது. தையல்காரருக்கு மட்டும் குழப்பம். தான் தைத்ததெல்லாம் லூசு என்பது தையல்காரனுக்குப் பெருமை இல்லையே. ஆனால் திட்டாமல் கட்டிப்பிடித்துவிட்டுப் போகிறவர்களிடம் என்ன கேட்பது?

ஹெட் வந்து இறங்கியது. சும்மா சொல்லக்கூடாது, வெள்ளிக்கட்டி மாதிரி இருந்தது. அக்கா வந்து பார்த்து, "ஏய், அழகா இருக்குடி!" என்று தட்டிக்கொடுத்தாள். பெரியவர் கொட்டகை வாசலில் மூடி திறந்தபடி காத்திருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி எஞ்சின்மேல் வைத்தார்கள். முதல் சிலிண்டர் சரியாக உட்கார்ந்தது. இரண்டாவது கொஞ்சம் இழுத்தது. ஆறாவது, பக்கத்து வீட்டுக்குப் போன கதைதான். ஹெட் ஒரு சுண்டு விரல் அகலம் குட்டையாக இருந்தது.

தலைவி எடுத்து வைத்தாள், திருப்பி வைத்தாள், தள்ளி நின்று பார்த்தாள். "அக்கா, உன் எஞ்சின் வளந்துடுச்சா?" என்றாள். அந்த வயதில் எஞ்சின் வளராது என்று அவளுக்கே தெரியும். வரைபடத்தைத் திறந்து பார்த்தாள், சரியாக இருந்தது. ஃபவுண்டரிக்குப் போன் போட்டாள். "அலுமினியம் எப்பவும் சுருங்குற மாதிரிதாம்மா சுருங்குச்சு," என்றார் அங்கே உருக்குகிறவர். அடுத்த வார்ப்புக்கு இடம் கிடைக்க மாதம் ஆகும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

அக்கா வண்டியின் முன்பக்கம் போனாள். பெரியவரின் மட்கார்டைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. தலைவி அதைப் பார்த்தாள். முடியும் என்று சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. தைக்கிற ஆளும் வீட்டிலேயே இருக்கிறார்.

அவள் போய்த் தையல் கடையில் உட்கார்ந்தாள். அங்கே மருந்துக் கடைக்காரம்மா இரண்டாவது பேண்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "இதுவும் லூசு! அளவு கொடுத்து நாலு நாள்கூட ஆகலை! எனக்கே பயமா இருக்கு, டாக்டரைப் பாக்கணுமோ?"

தலைவி அந்த இடுப்பைப் பார்த்தாள். பிறகு கணவர் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தாள். தூரத்தில் எங்கோ ஒரு பெயின்டர் சீட்டியடித்துக்கொண்டே ஆணியில் ஸ்கேலை மாற்றி மாட்டுகிற காட்சி மனதில் ஓடியது. விருட்டென்று எழுந்து அவர் கையிலிருந்ததைப் பிடுங்கினாள், பட்டறைக்கு ஓடினாள், தன்னுடையதை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தாள். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. கடைசிக் கோட்டுக்கு வரும்போது நடுவில் ஒரு சுண்டு விரல் கிடந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். "நீங்க ஊருக்கே பொய் ஸ்கேல்ல தைச்சிருக்கீங்க! நான் மெய் ஸ்கேல்ல ஹெட் பண்ணியிருக்கேன்!"

தையல்காரர் வந்து பார்த்தார். முகத்தில் முதலில் ஒரு நிம்மதி பரவியது, தன் கை தப்பு செய்யவில்லை என்று. பிறகு தெரு முழுவதும் இளைத்த விவரம் மண்டையில் ஏறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான். சிரிப்பு பீறிட்டது. அவர் எஞ்சின்மேல் சாய்ந்து சிரித்தார், அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ரொட்டிக் கடைக்காரரின் லேசான மனசை நினைத்து மறுபடி சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழுகைக்குத் தாவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அக்கா வண்டி போயிடும்ங்க," என்றாள். "நான் முடியும்னு சொன்னதாலதான் அவ பந்தயம் கட்டினா."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குட்டையாகப் போன ஹெட்டைத் தடவிப் பார்த்தார். அவருக்கு எஞ்சின் தெரியாது. வடிவம் தெரியும். "கோட்டு முதுகு புடிச்சுதுன்னா நான் தூக்கியா போடுவேன்? நடுவுல வெட்டுவேன். ஒட்டுத் துணி குடுத்து விரிப்பேன்."

"இது துணியாங்க?"

"துணி இல்லைதான். ஆனா ஒரே துண்டா இருக்கணும்னு யாரு சொன்னா?"

தலைவி ஹெட்டை மறுபடி பார்த்தாள். யார் சொன்னது? பழைய எஞ்சின்காரர்கள் ஒரே துண்டாகச் செய்தார்கள், அவளும் அப்படியே செய்தாள். இரண்டிரண்டு சிலிண்டராக மூன்று துண்டு ஆக்கினால்? ஆறு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் ஒரு சுண்டு விரல் குறை. இரண்டு சிலிண்டர் அளவில் அது நகக்கண் அளவுகூட இல்லை, கடைந்து சரிசெய்துவிடலாம். மிச்சக் குறை துண்டுகளுக்கு நடுவே இடைவெளியாக நின்றுவிடும். வெட்டிய வாயில் எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஒழுகாமல் அலுமினியத் தகடு வைத்து வெல்டிங்கில் பற்ற வைக்கலாம்.

"போல்ட்டு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "துண்டுக்கு நடுவுல வர்ற போல்ட்டு எதைப் புடிக்கும்?"

"பெரிய பட்டனா வெச்சா ரெண்டு பக்கத்தையும் புடிக்காதா?" என்றார் தையல்காரர், தன் போக்கில்.

தடித்த வாஷர்! இரண்டு துண்டின் தோளிலும் உட்கார்கிற மாதிரி அகலமாக! அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள். கையில் எண்ணெய். பத்து விரல் தடத்தோடு அவர் போய் மருந்துக் கடைக்காரம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அந்த அம்மாள் இடுப்பில் மறுபடி விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு, "அந்த ஸ்கேலைத் தொலைச்சிடாதீங்க. அடுத்த பேண்டும் அதுலயே தைங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த அழகான ஹெட்டை ரம்பத்தில் வைத்தபோது தலைவி கண்ணை மூடிக்கொண்டாள். ரம்பம் போடுகிறவள் கண்ணை மூடக்கூடாது என்பதால் உடனே திறந்தாள். முதல் துண்டு விழுந்ததும் பயம் போய்விட்டது. வெட்டினாள், பற்ற வைத்தாள், கடைந்தாள். கடைசி நாளில் வால்வு ஓட்டைகளுக்குள் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கச் சின்னக் கண்ணாடி தேவைப்பட்டது. அக்கா மகனுக்குப் போன் போட்டாள். அவன் பல் பார்க்கிற கண்ணாடியோடு வந்து, டார்ச் பிடித்து, அவனே எட்டிப் பார்த்தான்.

"சித்தி, கடைவாய்ப் பக்கம் ஒரு பிசிறு இருக்கு."

"எந்தக் கடைவாய்டா?"

"அஞ்சாவது." கைவேலை செய்கிறவனுக்கு மூளை விரலில்தான் இருக்கும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவனே சுரண்டித் தேய்த்து எடுத்தான். வேலை முடிந்ததும்தான் தான் எந்தக் கட்சி என்பது நினைவுக்கு வந்து, அவசரமாகக் கையைக் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சூளையில் பெரியவர்மேல் கழுத்து வரை செங்கல். ஸ்டியரிங்கில் அக்கா, நடுவில் தலைவி, ஜன்னலோரம் சாட்சிக்கு மகன். அவன் காரைத் தையல்காரர் ஓட்டிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. அக்கா சாவியைத் திருப்பினாள். பெரியவர் இருமவில்லை, கனைக்கவில்லை. உர்ரென்று ஒரே சுருதியில் பிடித்தார். அக்கா திடுக்கிட்டுத் தங்கையைப் பார்த்தாள். "யாருடி இது?" என்றாள்.

மூன்றாவது கியர். மேடு தொடங்கியது. வண்டி ஏறியது. முதல் வளைவில் ஏறியது, இரண்டாவதில் ஏறியது. ஆறு மூக்கும் காற்றை இழுக்கிற சத்தம் தலைவியின் காலடியில் கேட்டது, ஒவ்வொன்றும் தனித்தனியாக. அவளுக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது, லாரிக்குள் எப்படி நிற்பது? முன்னால் பஸ் ஒன்று தெரிந்தது. அக்கா வாழ்நாளில் செய்யாத காரியமாக ஹாரன் அடித்தாள். பஸ் ஒதுங்கியது. ஜன்னலோர முகங்கள் எல்லாம் செங்கல் லாரி தங்களைத் தாண்டிப் போவதை வாய் பிளந்து பார்த்தன. அக்கா ஒரு கையால் வணக்கம் வைத்தாள். தலைவி, "ஊ!" என்று கூவினாள். மகன் சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பல் டாக்டர் செய்யக்கூடாத வேலை.

உச்சிக்குக் கீழே கடைசிக் கொண்டை ஊசி வளைவு. அங்கேதான் அன்றைக்கு வண்டி கொதித்து நின்றது. வளைவுக்குள் நுழைந்ததும் எஞ்சின் சத்தம் இறங்கியது, இறங்கி அங்கேயே நின்று பிடித்தது. பிடிக்கிறது, இன்னும் பிடிக்கிறது என்று தலைவி உள்ளங்கால் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சினில் ஒரு குறையுமில்லை. ஆனால் அந்த வளைவில் இரண்டாவது கியர் போட்டே பழகிய அக்காவின் இடது கை, யாரையும் கேட்காமல், தானாகப் போய்க் கியர் தண்டைப் பிடித்தது. கால் கிளட்ச் பக்கம் நகர்ந்தது. அக்காவுக்கு அது தெரியவே இல்லை, அவள் கண் ரோட்டில் இருந்தது. தலைவி வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா, கையை எடுங்க!"

தலைவியின் மடியைத் தாண்டிக்கொண்டு ஒரு கை வந்தது. அம்மாவின் கையைக் கியர் தண்டிலிருந்து பிய்த்து எடுத்து, இறுகப் பிடித்துக்கொண்டது. மகன் பாதி எழுந்து நின்றிருந்தான். "அது ஏறும்மா! விடுங்க, அதுவே ஏறும்!"

ஒற்றைக் கையால் அக்கா ஸ்டியரிங்கைச் சுற்றினாள். பெரியவர் வளைவைச் சுற்றி, மேட்டை முடித்து, உச்சியில் போய் நின்றார். மூன்றாவது கியரில்.

அக்கா எஞ்சினை அணைத்தாள். மகன் இன்னும் அம்மாவின் கையை விடவில்லை. அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல், தலைவி மடிமேல் கிடந்த அந்த இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டிக்கொடுத்தாள். எல்லோரும் இறங்கிக் காற்று வாங்கினார்கள். கீழே வெகுதூரத்தில் கார் வந்துகொண்டிருந்தது. அருகில் வந்து நின்றதும் தையல்காரர் வியர்வையோடு தலையை நீட்டினார். "என்ன வேகம்டா சாமி! உங்களைப் புடிக்கவே முடியலை!"

"சித்தப்பா, நீங்க ஃபர்ஸ்ட் கியர்லயே வந்திருக்கீங்க."

"அப்படியா? நான் கார்தான் சரியில்லைன்னு நெனச்சேன்."

அக்கா இடுப்பில் கை வைத்து நின்று, ஆழமாக மூச்சை இழுத்து விட்டாள். மகன் பெரியவரின் சூடான பானெட்டைச் சுற்றி வந்தான். பூந்தொட்டி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, சாவியைக் கொஞ்சம் தர்றீங்களா? ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?"

அக்கா சாவியைப் பொத்திய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு கையை நீட்டினாள், ஆனால் விரலைத் திறக்கவில்லை.

"இறக்கத்துக்கு மட்டும்தான்டா," என்றாள். "ஏத்துறது நான்தான்."